எஸ்டிமேட்டுக்கு முன் ஒரு கூட்டம்: பழைய கட்டடத்திடம் விடைபெறுதல்

ஊர்ப் பொதுக் கட்டடம் ஒன்றைத் திருத்தப் பணம் வந்துவிட்டது என்றால் நாம் முதலில் கூப்பிடுவது கொந்தராத்துக்காரரை. வாசிகசாலையாக இருக்கலாம், பாடசாலையின் பழைய மண்டபமாக இருக்கலாம், மாதர் சங்கம் கூடிவந்த ஓட்டுக் கட்டடமாக இருக்கலாம். அவர் வந்து அளந்து, எஸ்டிமேட் எழுதி, சங்கம் கையெழுத்து வைத்த பிறகுதான் "உடைக்க முதல் எல்லாரையும் ஒருக்காக் கூப்பிட்டு ஏதும் செய்வமே" என்ற பேச்சு எழும். அதற்குள் பாதிக் கூரை இறங்கியிருக்கும். மிச்சப் பாதியின் கீழே நின்று படம் எடுத்து, தேநீர் குடித்துக் கலைவோம். இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றச் சொல்கிறது. விடைபெறும் கூட்டம் திருத்த வேலையின் முதல் வேலை. மதிப்பீட்டில் கையெழுத்து விழுமுன்னரே அது நடந்தாக வேண்டும். கட்டடத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒன்றாக இருக்கப்போகும் கடைசி நாள் அது. அன்றைக்குக் கேட்காமல் விட்டதைப் பிறகு கேட்பதற்கு ஆளும் இருக்காது, சுட்டிக்காட்டச் சுவரும் இருக்காது.

இந்த வரிசை நமக்குப் புதிதன்று. கோயில் திருப்பணியில் தலைமுறை தலைமுறையாக இதைத்தான் செய்துவருகிறோம். மூலஸ்தானத்தில் உளி படுவதற்கு முன் பாலஸ்தாபனம் நடக்கிறது. மூலமூர்த்தியின் கலைகளைக் கும்பத்தில் ஆவாகித்து, அங்கிருந்து அத்திமரப் பலகைக்கோ படத்துக்கோ மாற்றி, பக்கத்தில் அமைத்த சிறு கொட்டகையில் எழுந்தருளச் செய்கிறார்கள். பூசை அங்கே ஒரு நாளும் தடைப்படாமல் நடக்கிறது. அது முடிந்த பிறகுதான் ஸ்தபதியாரும் மேசன்மாரும் உள்ளே கால் வைக்கிறார்கள். கத்தோலிக்க ஆலயங்களிலும் பீடப் பகுதியைத் திருத்துவதானால் நற்கருணையை முதலில் வேறிடத்துக்கு எடுத்துவைக்கிறார்கள். ஜப்பானில் இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டி, பழையதிலிருந்து புதியதுக்குத் தெய்வத்தை இரவில் ஊர்வலமாகக் கொண்டுபோகிறார்கள். 2013 இல் அது 62ஆம் முறையாக நடந்தது. நாடும் சமயமும் வேறாக இருந்தாலும் எங்கும் முறை ஒன்றுதான். இடத்தை அந்த இடமாக ஆக்கியது எதுவோ அதை முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துகிறார்கள், பிறகுதான் இடிக்கிறார்கள்.

பாலஸ்தாபனத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, அதில் இருக்கும் நடைமுறை அறிவு. "கோயில் பூட்டியாயிற்று, கும்பாபிஷேகத்துக்கு வாருங்கள்" என்று யாரும் அடியார்களை அனுப்பிவிடுவதில்லை. இடைக்காலத்தில் எங்கே வந்து கும்பிடலாம் என்பது முதல் நாளே ஊருக்குத் தெரியும். வாசிகசாலையிலோ பாலர் பாடசாலையிலோ நாம் இதை யோசிப்பதில்லை. கட்டடம் மூடப்பட்டு ஆறு மாதம், ஒரு வருடம் ஆனதும் பத்திரிகை படிக்க வந்தவர்களின் கால் வேறு பக்கம் திரும்பிவிடும். புதிய கட்டடம் திறக்கும்போது மேசை, கதிரை எல்லாம் இருக்கும், வழக்கமாக வருகிறவர்கள் இருக்கமாட்டார்கள். ஆகவே விடைபெறும் கூட்டத்தில் முதலில் அறிவிக்க வேண்டியது, நாளையிலிருந்து இந்த வேலை எந்த இடத்தில் நடக்கும் என்பதுதான். பக்கத்து வீட்டு விறாந்தையாக இருந்தாலும் சரி, அதைச் சொல்ல முடியாத சங்கம் இன்னும் திருத்த வேலைக்கு ஆயத்தமாகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

மனநிறைவை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேலையின் கணக்கிலேயே பார்ப்போம். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உள்ள கட்டடங்களுக்கு ஆண்டுதோறும் மாரி மழையோடும் வெள்ளத்தோடும் வழக்கு. 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் எந்தச் சுவரில் எவ்வளவு உயரம் நின்றது, எந்த வாசலால் முதலில் உள்ளே வந்தது, எந்த மூலையில் கடைசியாக வற்றியது என்பதெல்லாம் கோடையில் வந்து அளக்கிற கொந்தராத்துக்காரருக்குத் தெரியாது. சுவருக்குப் புதுப் பூச்சும் வர்ணமும் அடித்திருப்பதால் அடையாளமும் தெரியாது. அந்த வெள்ளத்தில் உள்ளே நின்று அலுமாரியைத் தூக்கி மேசைமேல் வைத்த ஆளைக் கூப்பிட்டு, சுவரில் கையை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேர் தனித்தனியே காட்டும் உயரம் ஒன்றாக வந்தால் அந்த இடத்தில் சோக்கட்டியால் கோடு போடுங்கள். மின்சார பிளக்குகள் அந்தக் கோட்டுக்கு மேலேதான் வர வேண்டும். புத்தகத் தட்டுகளின் அடிப்பலகையும் அப்படியே. ஒரே நாளில் கிடைக்கும் இந்த ஒரு கோடு, பிறகு பல இலட்சம் ரூபாய்ப் பொருளைக் காப்பாற்றும். ஆனால் எஸ்டிமேட் எழுதி முடிந்தபின் கிடைத்தால் அது வெறும் கதையாகிவிடும்; யாரும் பிளக்கை மேலே ஏற்றப்போவதில்லை.

சுவரைப் பற்றியும் இதே பேச்சுத்தான். பழைய கட்டடங்கள் பலவற்றின் சுவர் சுண்ணாம்புச் சாந்தால் கட்டியது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், திரும்ப வெளியே விடும். அதன்மேல் கெட்டியான சீமெந்துப் பூச்சைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளே அடைபடும். வாவியோர மண்ணின் உப்பும் சேர்ந்து சில மாரிக்குள் பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும். எந்தச் சுவர் எந்தக் காலத்தில் கட்டியது, எந்த அறை பிறகு சேர்த்தது, எந்த இடத்தில் ஏற்கெனவே சீமெந்து பூசிக் கெட்டது என்று சொல்லக்கூடியவர்கள் பெரும்பாலும் தலைவரோ செயலாளரோ அல்லர். முப்பது வருடம் கதவு திறந்து பூட்டிய காவலாளி, கூட்டித் துடைத்த அம்மா, ஒவ்வொரு ஐப்பசியிலும் ஓடு மாற்ற ஏறிய ஆள், இவர்களுக்குத்தான் தெரியும். அழைப்பு இவர்களுக்கு முதலில் போக வேண்டும். அச்சடித்த அழைப்பிதழை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு இருப்பது போதாது. வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். மேடை போட்டு, மாலை போட்டு, விருந்தினர் பேசி முடிக்கும் கூட்டத்தில் இந்த ஆட்கள் பின்வரிசையில் கைகட்டி நிற்பார்கள். அவர்கள் வாய் திறக்காத கூட்டத்தால் பயன் இல்லை.

நேரம் பிடிப்பதில் நம் பகுதிக்கென்று ஒரு கணக்கு உண்டு. கூரையைக் கழற்றுவதானால் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணிக்குள் கழற்றி, ஐப்பசி மழைக்கு முன் மூடிவிட வேண்டும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் எஸ்டிமேட் வைகாசியில் முடிய வேண்டும், கூட்டம் அதற்கும் முன்னே. பெரும்போக வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் உள்ள பங்குனிக் கடைசி, அல்லது கொழும்பில் வேலை செய்கிறவர்கள் வருடப்பிறப்புக்கு ஊர் வந்திருக்கும் சித்திரை நடுப்பகுதி மிகப் பொருத்தம். வைகாசி பிறந்துவிட்டால் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறப்பும் குளிர்த்தியும் தொடங்கிவிடும், ஊர் முழுக்க அங்கேதான் நிற்கும். நோன்பு மாதமா, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரமா, ஞாயிறு பூசை நேரமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நடக்கும் கூட்டத்துக்கு மேற்கே படுவான்கரையில் குடியேறிவிட்ட பழைய ஆட்களும் வர வேண்டியிருக்கும். மண்முனையில் 2014 இல் பாலம் வந்த பிறகு போக்குவரத்து இலகுவாகிவிட்டது என்றாலும், பாதை எனப்படும் மிதவையில் ஏறிக் கடக்க வேண்டிய துறைகள் இன்னும் இருக்கின்றன. கடைசிப் பாதைக்கும் கடைசி பஸ்ஸுக்கும் முன் அவர்கள் புறப்படும்படி காலையில் தொடங்குங்கள்.

யார் முதலில் பேசுவது என்பது இங்கே சில்லறைக் கேள்வியன்று. குடிமுறையும் முன்னீடும் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் பொறுப்பும் உயிரோடு இருக்கும் பகுதி இது. கோயிலில் அதற்கென்று ஒழுங்கு உண்டு. பொதுக் கட்டடத்துக்கு அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தால் பேச்சு கௌரவப் போட்டியாக மாறிவிடும். பதவி வரிசையைக் கொண்டுவந்தாலும் அதேதான். இந்தக் கட்டடத்துக்குள் யார் முதன்முதலில் வந்தார்களோ அவர்களிலிருந்து தொடங்குவது நல்ல வழி. 1950களில் முதலாம் வகுப்புக்கு வந்தவர் முன்னே, போன வருடம் வந்த பிள்ளை கடைசியில். இந்த வரிசையை யாரும் மறுக்க முடியாது, கட்டடத்தின் வரலாறும் தானாகக் கால ஒழுங்கில் விழுந்துவிடும். எழுதுகிறவருக்கும் வேலை குறையும்.

பேச்சு முடிந்ததும் எல்லாரும் எழும்பி நடக்க வேண்டும். அன்றைய நாளின் மிகப் பெறுமதியான ஒரு மணித்தியாலம் இதுதான். கையில் ஒரு கொப்பி, சோக்கட்டி, அளவு நாடா போதும். வாசற்படி எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். சனம் உண்மையில் எந்தப் பக்கத்தால் வந்து போனது என்பதை அது சொல்லும், வரைபடத்தில் வேறு வாசல் பெரிதாக இருந்தாலும். யன்னல் கட்டையில் பிள்ளைகள் கீறிய பெயர்கள், கரும்பலகை இருந்த இடத்தின் ஆணித்துளைகள், தூணடியில் பதித்த உபயக் கல், வர்ணத்துக்குக் கீழே தெரியும் பழைய எழுத்து, எல்லாவற்றையும் அளந்து எழுதி, நம்பர் போட்டுப் படமெடுங்கள். ஓட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். மங்களூர் ஓடாக இருந்தால் தொழிற்சாலையின் பெயர் அதில் அழுத்தியிருக்கும். பாசல் மிஷன் 1865 இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் பரவி, அந்த ஓடுகள் கடல் தாண்டி இலங்கைக்கும் வந்தன. உங்கள் கூரை எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த எழுத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. உடையாத ஓடுகளைத் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்பவற்றைத் தனியாக அடுக்கச் சொல்லலாம், விறாந்தைக்காவது உதவும். கூரை அஸ்பெஸ்டோஸ் தகடாக இருந்தால் மட்டும் யாரையும் தொடவிடாதீர்கள். அதை உடைப்பதும் ஞாபகத்துக்குத் துண்டு எடுப்பதும் நுரையீரலுக்குக் கேடு.

ஒலியையும் மறக்க வேண்டாம். உயர்ந்த ஓட்டுக் கூரைக்குக் கீழே ஒரு பாட்டு கேட்கும் விதம், சீலிங் அடித்து மின்விசிறி மாட்டியபின் திரும்ப வராது. பாடசாலைக் கீதம், மணியோசை, வெறும் மண்டபத்தில் ஓர் ஆள் நடக்கும் காலடி, எல்லாம் கைத்தொலைபேசியிலேயே பதியலாம். ஒலியைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் இந்த ஊருக்குப் பழக்கமானது. கல்லடிப் பாலத்தடியில் கேட்கும் பாடும் மீனின் ஒலியை 1950களிலேயே அமெரிக்க இயேசு சபைத் துறவியார் ஒருவர் பதிவுசெய்தார், இலங்கை வானொலியில் அது ஒலிபரப்பாகியது. அன்று பதிந்ததால்தான் இன்றைக்கும் அதைப் பற்றி ஆதாரத்தோடு பேச முடிகிறது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். கூட்டம் கூட்டினால் "பழசு பழசாகவே இருக்கட்டும்" என்று ஒரு பகுதி கிளம்பும், வேலை இழுபடும் என்பது பொறுப்பில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கருத்து கூட்டத்தால் பிறப்பதில்லை. ஏற்கெனவே இருக்கிறது, கேட்காமல் விட்டால் அரைவாசி வேலையில் மனுவாக வரும். முன்கூட்டியே கேட்டால் எதை வைத்துக்கொள்வது என்று பேசித் தீர்க்க முடிகிறது. 1928 இல் கட்டிய கல்லடி இரும்புப் பாலத்தைப் பாருங்கள். ஒரு பக்க வாகனம் போகும்வரை மறுபக்க வாகனம் காத்து நிற்க வேண்டிய ஒடுங்கிய பாலம் அது. ஊருக்குப் புதிய பாலம் கட்டாயம் தேவைப்பட்டது, 2013 இல் அது வந்தது. பழையதைக் கழற்றி இரும்புக்கு விற்காமல் பக்கத்திலேயே நடப்பதற்கென விட்டார்கள். புதியது வேண்டும் என்பதும் பழையது வேண்டும் என்பதும் எதிரெதிர் கட்சிகள் ஆகவேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு மாலையில் அங்கே காற்று வாங்க வரும் சனமே அத்தாட்சி. எல்லாக் கட்டடத்துக்கும் பக்கத்தில் இடம் கிடைக்காது, உண்மைதான். ஒரு கதவையும் ஓர் உபயக் கல்லையும் புதிய சுவரில் பதிக்க எல்லாக் கட்டடத்திலும் இடம் இருக்கிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இங்குள்ள பழைய கட்டடங்கள் வெறும் கட்டடங்கள் அல்ல; அவற்றுள் பல அகதி முகாமாக இருந்தவை, படைமுகாமாக இருந்தவை, ஆட்கள் கொண்டுபோகப்பட்ட இடங்கள். 1990 இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்து, அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதவர்களின் குடும்பங்கள் இன்னும் பதில் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட நினைவுகளை ஒரு பொதுக் கூட்டத்தில் ஏன் கிளற வேண்டும் என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கு வலி தெரியும் என்பதால் இதற்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். நினைவைக் கிளறுவது கூட்டம் அன்று. சுவரை இடிப்பதே கிளறும், அதுவும் அறிவிப்பில்லாமல். காத்தான்குடிப் பள்ளிவாசலில் 1990 ஆகஸ்ட் 3 இரவு தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுவரில் பட்ட சூட்டுத் துளைகளை மூடிப் பூசாமல் அந்தச் சமூகம் வைத்திருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டு, பிறகு மீளக் கட்டப்பட்டபோது, எரிந்த பகுதியை அப்படியே நினைவாக விடவேண்டும் என்று ஒரு சாராரும் பழைய பொலிவோடு எழுப்ப வேண்டும் என்று மறுசாராரும் வாதிட்டார்கள். எது சரி என்று வெளியாள் சொல்ல முடியாது. அந்த இடத்தில் இழந்தவர்கள் சொல்லலாம், ஆனால் அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். ஆகவே இத்தகைய கட்டடமானால் பொதுக் கூட்டத்துக்குச் சில வாரம் முன்பே அந்தக் குடும்பங்களைத் தனியாகச் சந்தியுங்கள். அவர்கள் விரும்பினால் பேசட்டும், விரும்பாவிட்டால் வந்து ஒரு விளக்கு வைத்துவிட்டுப் போகட்டும், வராமல் இருக்கவும் உரிமை உண்டு. அவர்கள் சொல்வதைப் படம்பிடிக்கக் கூடாது என்றால் பிடிக்கக் கூடாது.

விடைபெறாமல் இழந்த இடங்கள் நமக்கு நிறைய. 1978 நவம்பர் சூறாவளி ஓர் இரவில் கூரைகளைக் கொண்டுபோனது. 2004 டிசம்பர் 26 காலை நாவலடியில் வீடும் வீதியும் சேர்ந்து போயின. அந்த இழப்புகளில் சொல்லிக்கொள்ள நேரமே இருக்கவில்லை. திருத்த வேலை மட்டும்தான் நாள் குறித்து வரும் பிரிவு. அந்த நாளையும் வீணாக்குவதற்கு நமக்கு எந்தச் சாட்டும் இல்லை.

"திருத்தப்போவது அதே இடம்தானே, விடைபெற என்ன இருக்கிறது" என்பவர்களுக்கு மட்டக்களப்புக் கச்சேரியைக் காட்டலாம். போர்த்துக்கேயர் 1628 இல் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைக்குள் பல தலைமுறையாக இயங்கிய மாவட்டச் செயலகம் 2024 இல் திராய்மடுப் புதிய கட்டடத்துக்குப் போனது. கோட்டை அதே இடத்தில்தான் நிற்கிறது. காணி அனுமதிப்பத்திரத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் அந்த வாசலில் காத்திருந்தவர்களின் கோட்டை மட்டும் அங்கே இல்லை. சுவர் நின்றாலும் பாவனை மாறினால் இடம் மாறிவிடுகிறது. கோட்டைக்காவது சட்டத்தின் காவல் உண்டு: 1815 மார்ச் 2 க்கு முந்திய கட்டடங்களைத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் கவனித்துக்கொள்ளும். நம் வாசிகசாலையும் பாடசாலை மண்டபமும் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. நாம் எழுதிவைக்காவிட்டால் எந்தத் திணைக்களமும் எழுதிவைக்கப்போவதில்லை. செலவைப் பற்றிய மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை: தேநீர், பலகாரம், இரண்டு கொப்பி. பந்தலும் ஒலிபெருக்கியும் வேண்டாம். மண்டபத்துக்குள் ஒருவர் பேசினால் கேட்காத அளவுக்கு ஆள் வந்தால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காகிதம். அன்று எழுதியதை ஒரு வாரத்துக்குள் சுத்தமாகப் பிரதிசெய்து, வைத்துக்கொள்ள வேண்டியவை, இடம் மாற்ற வேண்டியவை, வெள்ளக் கோடு, சுவர் விபரம் எல்லாவற்றையும் சங்கத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அந்தத் தீர்மானம் எஸ்டிமேட்டோடு இணைப்பாகப் போக வேண்டும், கொந்தராத்து ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பிட்டு ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் உபயக் கல் முதல் நாளே லொறியில் போய்விடும், கேட்டால் "எனக்குத் தெரியாது சேர்" என்பார்கள். ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள், இன்னொன்றைப் படங்களோடும் ஒலிப்பதிவோடும் நூலக நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகத்துக்கு அனுப்பலாம். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை இலவசமாகச் சேமித்துவருகிறார்கள். வந்தவர்கள் கையெழுத்து வைத்த வரவுக் கொப்பியைச் செயலாளர் தன் வீட்டு லாச்சியில் வைக்காமல் இடைக்கால இடத்தில், எல்லாரும் பார்க்கும் மேசையில் வையுங்கள். கூரை மூடி, பூச்சு வேலை தொடங்குமுன் அதிலுள்ளவர்களுக்கு ஒருமுறை ஆளனுப்பி, வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பிளக்கு கோட்டுக்கு மேலே இருக்கிறதா என்று அந்தக் காவலாளிதான் முதலில் பார்ப்பார்.